அண்ணாவிக்கு ஆமா போடாத மதியம்

பிரபலமானவர் யாராவது செத்துப்போனால் மறுநாள் பேப்பரில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வருமே, கவனித்திருக்கிறீர்களா? 'தன் முடிவை முன்பே அறிந்திருந்தார்' என்று போட்டிருப்பார்கள். போன வாரம்தான் டிரைவரைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாராம். கடைசிக் கூட்டத்தில் 'இனி நாம் சந்திப்போமோ என்னவோ' என்றாராம். பாடகர் என்றால் கடைசியாகப் பாடியது ஒரு சாவுப் பாட்டாக இருந்தே தீரும். இப்போதெல்லாம் பேப்பர் வரும்வரைகூடப் பொறுப்பதில்லை. மூச்சு நின்ற அரைமணியில் பழைய வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது, கீழே வரிசையாகக் கும்பிடுகிற கை பொம்மைகளோடு.

அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியும்தான் என் நர்ஸ் வேலை முழுவதும் ஓடியது. இப்போது புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் நான் சொல்லி வரவேண்டியதில்லை, அது உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு மனுஷன் உங்கள் முகத்தைப் பார்த்து 'நான் போகப்போகிறேன்' என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்? அதிலும் அவர் பேர்பெற்ற ஆளாக இருந்து, அவர் சொல்வதையெல்லாம் கைகட்டிக் கேட்க ஒரு ஊரே சுற்றி நின்றால் என்ன செய்ய வேண்டும்?

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு மேடைப் பேச்சாளரைக் கொண்டுவந்தார்கள். பேர் வேண்டாம். அந்தக் காலத்தில் அவர் பேசுகிறார் என்றால் மில்லில் ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போவார்கள். கயத்தாற்றில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குள் தன் காலில்தான் நடந்து வந்தார், பின்னால் ஒரு கூட்டம். கட்டிலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிகளா, இதுதான் என் கடைசிக் கூட்டம். இனி எல்லாத்தையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் ஓவென்று அழுதது. ஒவ்வொருத்தராகக் காலில் விழ ஆரம்பித்தார்கள். கட்டிலைச் சுற்றி ஈ நுழைய இடமில்லை.

எங்கள் ஹெட் சிஸ்டர் ஆள் குள்ளம். குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்கும். கையிலிருந்த டிரேயைக் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டி, "வெளிய போங்கலே எல்லாரும்! மனுஷன் மூச்சு விட எடமில்ல, இதுல கால்ல வேற விழுதீங்க!" என்று கத்தினார். ஆளை விலக்கி ஆளை விலக்கி நாங்கள் கட்டிலை எட்டுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

மறுநாள் செய்தி வந்தது, அதே பெட்டி, அதே தலைப்பு. நாங்கள் மூன்று நான்கு பேர் சுற்றி நின்று மெய்சிலிர்த்துப் படித்துக்கொண்டிருந்தோம். ஹெட் சிஸ்டர் பேப்பரைப் பிடுங்கி மடித்துத் தன் டிபன் பாத்திரத்துக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

"என்னட்டி பெரிய ஆருடம்? அவரு ஆருடம் சொல்லல. உதவி கேட்டாரு. மேடையில பேசியே பழகின வாயி, அதுக்கு அப்படித்தான் கேக்கத் தெரியும். கேட்டுக்கிட்டு நின்னவனுவள்ல ஒருத்தனுக்காவது வெளங்குச்சா?"

சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னதுதான். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் என் மனதில் அது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சு அடைக்கிற நேரத்தில் சிலருக்கு 'நாம் பிழைக்க மாட்டோம்' என்ற பயம் வலிக்கு முந்தியே வந்துவிடும். டாக்டரைக் கேளுங்கள், அதுவும் ஒரு அறிகுறி என்றுதான் சொல்வார். அதே வார்த்தையைத் தும்மலுக்கும் தலைவலிக்கும் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செத்துப்போகாத நாட்களை எந்தப் பேப்பர்காரரும் பெட்டி கட்டிப் போடுவதில்லை. ஆக, சொல்கிறவர் ஞானியா பயந்தாங்கொள்ளியா என்பது நம் கவலை இல்லை. சொல்லிவிட்டார் என்றால் நம் கை அவர் நாடியில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைச் சொல்வது சுலபம். செய்துபார்க்கிற நாள் எனக்குக் கழுகுமலைக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் ஊரில், ஒரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் வந்தது.

சித்திரை வெயில். கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்தது. மதியக் கொடைக்கு மந்திரமூர்த்தி அண்ணாவியின் வில்லுப்பாட்டு. நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள், சிங்கப்பூர்வரை போய்ப் பாடிவந்தவர். பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் வாக்குக்கு ஒரு பேர் உண்டு. இந்த வருஷம் மழை உண்டு என்பார், பெய்யும். உன் வீட்டில் தொட்டில் ஆடும் என்பார், ஆடும். பெய்யாத வருஷமும் ஆடாத தொட்டிலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது, அது வேறு கதை.

வில்லுப்பாட்டு பார்க்காதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். நடுவில் பெரிய வில். அதன் முன்னால் உட்கார்ந்து, சலங்கை கட்டிய வீசுகோலால் நாணை அடித்தபடி அண்ணாவி கதை பாடுவார். பக்கத்தில் குடம் அடிக்கிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அண்ணாவி எதைச் சொன்னாலும் "ஆமா" போட வேண்டும். 'அம்மை வந்தாளே' என்றால் "ஆமா, வந்தா!" 'கோட்டை எரிந்ததே' என்றால் "ஆமா, எரிஞ்சுது!" இசக்கி என்கிறவர் தலை நரைக்கிறவரைக்கும் அந்த அண்ணாவிக்கு ஆமா போட்டவர். தூக்கத்தில் எழுப்பினாலும் போடுவார்.

நான் பெண்கள் பக்கம் மாமியாரோடு உட்கார்ந்திருந்தேன். கதையில் அம்மன் பிறந்து, தொட்டிலில் குழந்தையாகச் சிரிக்கிற இடம். அண்ணாவி சட்டென்று பாட்டை நிறுத்தினார். கண் எங்கேயோ நிலைத்திருந்தது.

"அம்மை வந்து நிக்கா. என்னையக் கூப்பிடுதா" என்றார்.

"ஆமா, கூப்பிடுதா!" என்று இசக்கி குடத்தில் ஒரு தட்டு தட்டினார்.

"நான் போறேன்."

"ஆமா, போறாரு!"

பெண்கள் குலவை போட்டார்கள். என் மாமியாரும் போட்டார். மேளக்காரர் வேறு ஒரு உருட்டு உருட்டினார்.

நான் போடவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வருஷாவருஷம் கேட்கிற கதை அது. அந்த இடத்தில் அம்மன் சிரிக்க வேண்டும், யாரையும் கூப்பிடுவதே கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். வீசுகோல் அண்ணாவியின் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. கழுத்திலிருந்து வேர்வை ஓடியது. வெயிலில் எல்லாருக்கும்தான் வேர்த்தது, ஆனால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

எழுந்தேன். மாமியார் சேலையைப் பிடித்து இழுத்தார். "ஏட்டி, சாமி வந்து நிக்க எடத்துல நீ எங்க போற? உக்காருட்டி!"

"இருங்கத்தை, இந்தா வாரேன்" என்று உதறிக்கொண்டு போய் மேடையேறி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இருந்த இருப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கன வலிக்கு?"

"எனக்கு வலி கெடையாது தாயி. இது அழைப்பு" என்றார். அந்த நிலையிலும் குரல் மேடைக் குரல்தான்.

ஹெட் சிஸ்டர் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. இந்த வாய்க்கு இப்படித்தான் கேட்கத் தெரியும் என்றால் நாமும் அதே பாஷையில் கேட்டுவிட்டுப் போவோமே?

"சரி. அழைப்பு எங்கன இருந்து வருது?"

கை தானாக நெஞ்சுக்குப் போனது. "இங்கன இருந்துதான். அம்மை இறுக்கிப் பிடிக்கா. தாடை வரைக்கும் இழுக்கா. இடது கை எனக்கு இல்லாத மாதிரியே இருக்கு."

இதற்குமேல் என்ன வேண்டும்? அவரைப் பக்கத்தில் கிடந்த தலையணையில் சாய்த்து, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டியூட்டி டாக்டர் நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்கவில்லை. "எல்லாம் ரெடியா வைக்கேன், உடனே கொண்டாங்க சிஸ்டர்" என்றார். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது, வந்துசேர நேரமாகும் என்றார்கள்.

போனை வைத்துத் திரும்பினால் மேடை நிறைய ஆள். அண்ணாவி சாமியோடு கலக்கப்போகிறார் என்று செய்தி பரவிவிட்டது. காலில் விழுகிறார்கள், திருநீறு கேட்கிறார்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறார்கள். கைக்குழந்தையை அவர் மடியில் கிடத்த ஒருத்தி வருகிறாள். ஒரு மகராசன் அதற்குள் சொம்பில் பால் கொண்டுவந்துவிட்டான், வாயில் ஊற்ற! நான் அந்தச் சொம்பைப் பிடுங்கிய வேகத்தில் பாதிப் பால் என் சேலையில் கொட்டியது. அந்தப் பேச்சாளர் கட்டிலைச் சுற்றி நின்ற அதே கூட்டம்தான், ஆள்தான் வேறு.

கொடையை முன்னின்று நடத்தியவர் உள்ளூர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. தங்கமான மனுஷர். வேலைக்கு ஆள் ஏற்றுகிற அவருடைய வேன் பந்தலுக்குப் பின்னால் நின்றது. "அண்ணாச்சி, வேனைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "சிஸ்டர், கதை நடுவுல நிக்கி. வாழி பாடாம வில்ல இறக்குனா ஊருக்கு ஆவாது. ஒரு அரைமணி பொறுங்க, முடிச்சிருவோம்."

"அரைமணி கழிச்சு யாருக்கு அண்ணாச்சி வாழி பாடுவீங்க?"

"நான் என்ன சொல்லுதேன்னா, அவியளே போறேன்னு சொல்லுதாவ. அவிய வாக்கு இதுவரைக்கும் தப்புனதில்ல. நாம குறுக்க விழலாமா?"

பாருங்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அத்தனை பேருக்கும் அண்ணாவி மேல் உயிர். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. உங்களுக்கும் இது நடக்கும். எதிரியோடு மல்லுக்கட்டுவது சுலபம், பாசத்தோடு குறுக்கே நிற்கிறவர்களை விலக்குவதுதான் பாடு. அங்கே கத்திப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அந்த ஊருக்கு வாழவந்தவள். அண்ணாவி வாக்கை என் சொல் வெல்லாது. வெல்லக்கூடிய ஒரு ஆள் அங்கே யார்?

பேச்சியம்மாள், அண்ணாவியின் வீட்டுக்காரம்மா. மோர்ப் பானைக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை, அப்படியே உறைந்துபோயிருந்தார்.

"அக்கா" என்று கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது.

"அவிய சொன்னா நடக்கும்மா. நான் என்னத்தச் செய்ய?"

"நடக்கும் நடக்காதுன்னு நான் வாதாட வரல. உங்களுக்கு அவிய போகணுமா, இருக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் ஆயுசில் யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகினார். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

"இந்தாரும்" என்றார் புருஷனைப் பார்த்து. "அம்மை கூப்பிட்டா கூப்பிடட்டும். அவளுக்கு உம்ம மேல அவ்வளவு பிரியம்னா ஆஸ்பத்திரிக்கு வந்து கூப்பிடட்டும். கோவில்பட்டிக்கு அவளுக்கு வழி தெரியாதா? எந்திரியும்!"

ஆயிரம் பேரை ஒரு சொல்லில் அடக்குகிற அண்ணாவி வீட்டுக்காரம்மா முகத்தையே பார்த்தார். முதலாளிதான் முதலில் அசைந்தார். "ஏலே, நிக்கியளே, தூக்குங்கலே!" என்று சத்தம் போட்டார். ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

"வாழிக்கு என்ன செய்ய?" என்று யாரோ கேட்டார்கள்.

"இசக்கி பாடட்டும்" என்றேன்.

இசக்கி பதறிப்போனார். "தாயி, நான் ஆமா போடுதவன். முன்ன நின்னு பாடுனதே கெடையாது."

"இன்னைக்குப் பாடுங்க."

வேன் கிளம்பும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. அழுதுகொண்டே, சுருதி எங்கெங்கோ போக, ஊர் வாழி, மழை வாழி, அண்ணாவி வாழி என்று பாடிக்கொண்டிருந்தார். ஆமா போடத்தான் ஆளில்லை.

அந்த வேனுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மனுஷர் வழியில் போய்விட்டால் கொடையைக் கெடுத்தவள் நான்தான். மாமியார் முகத்தில் முழிக்க முடியாது, ஊரே சொல்லிக்காட்டும். நாடியில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரோடு தூக்கித் தூக்கிப் போட்டது. சங்கரன்கோவில் பஸ் ஒன்று வழிவிடாமல் முன்னால் போனபோது டிரைவரைவிட அதிகமாகத் திட்டியது நான்தான்.

பாதி வழியில் அண்ணாவி என் கையைப் பிடித்தார். மேடைக் குரல் போய்விட்டிருந்தது.

"தாயி, பயமா இருக்கு."

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நேரான வார்த்தை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இருக்கத்தான் செய்யும். நான் இங்கனதான் இருக்கேன்" என்றேன். பேச்சியம்மாள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பிழைத்தார். முதலில் செய்ய வேண்டியதைக் கோவில்பட்டியில் செய்து, மேற்கொண்டு திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெட்டிச் செய்திதான் என்று டாக்டர் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்பு தேறியதும் அண்ணாவியும் பேச்சியம்மாளும் என் வீட்டுக்கு வந்தார்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நான் காப்பி போட்டால், மனுஷர் முகத்தை உம்மென்று வைத்திருந்தார்.

"என் வாக்கப் பொய்யாக்கிட்ட தாயி. ஊர்ல ஒரு பய மதிக்க மாட்டேங்கான். 'அண்ணாவி, எப்பம் கெளம்புதீக'ன்னு கேக்கானுவ."

"கேக்கட்டும். பதில் சொல்ல நீங்க இருக்கீயள்லா?" என்றேன். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடவில்லை. "அடுத்த மட்டம் அழைப்பு வந்திருக்கு, அம்மை வந்து நிக்கான்னு கதை விடக் கூடாது. நெஞ்சு வலிக்குன்னு சொல்லணும். என்ன?" அவர் காப்பியைக் குடித்தார். சில பேருடைய வாயைத் திருத்தவே முடியாது பிள்ளைகளே. அதற்காக உட்கார்ந்து கவலைப்படவும் முடியாது. சுற்றியிருக்கிற காதைத்தான் திருத்த வேண்டும். இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார், எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், விடிந்து கொஞ்ச நேரத்தில், இசக்கி நம்பரிலிருந்து போன். வண்டி ஓடுகிற இரைச்சல், நடுவே சலங்கைச் சத்தம். கழுகுமலைப் பக்கம் ஒரு கொடை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்களாம்.

"தாயி, அண்ணாவிக்கு மறுபடியும் வேர்க்கு. தாடையப் பிடிக்காரு. வண்டிய நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிட்டேன். நீங்க அங்கன ஒரு வார்த்தை சொல்லிருங்க."

வீட்டுக்காரர் போனை எடுத்து உடனே சொன்னேன். அன்றைக்கு டியூட்டியில் இருந்தவள் போன வருஷம் சேர்ந்தவள்தான், இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். வண்டி வந்து நின்றபோது ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றிருந்தாள், அதனால்தான் வருகிற சித்திரைக் கொடைக்கும் அண்ணாவிதான் பாட்டு. அவரோ இன்றைக்குவரைக்கும் 'நெஞ்சு வலிக்கு' என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அதை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு இசக்கி போனை வைக்க மறந்துவிட்டார். வண்டிக்குள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

"ஏலே இசக்கி, அம்மை வந்துட்டாலே. தலைமாட்டுல நிக்கா. நான் போறேன்லே."

வழக்கமான ஆமா வரவில்லை.

"ஏலே, காதுல விழலையா? போறேங்கேன். ஆமா போடுலே!"

"போட மாட்டேன்" என்றார் இசக்கி.

அப்புறம் டிரைவரிடம், "நீ மிதிலே" என்று கத்தினார்.